ஸ்கைரிமில் 600 மொட் போட்டால் கேம் ஏன் திக்குகிறது? புதுக் கணினிக்குக் காசு கட்டும் முன்…

தெகிவளையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள மடிக்கணினி, 16 ஜிபி ரேம், ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டின் ஸ்பெஷல் எடிஷனில் 600க்கு மேல் மொட் (விளையாட்டை மாற்ற இரசிகர்கள் செய்துதரும் சேர்க்கைகள்), அதற்கு மேல் ஒளியையும் நிழலையும் அழகாக்கும் ஈஎன்பி. கேமில் வரும் ரிஃப்டன் நகரின் சந்தைக்குள் நுழைந்தால் செக்கனுக்கு 25 ஃபிரேம்தான், அதாவது 25 படம்தான் திரையில் வருகிறதாம். வெளியே காட்டில் ஓடினால் இடையிடையே திக்குகிறதாம். ஒரு மணித்தியாலம் விளையாடிய பிறகு எல்லாமே இன்னும் மோசமாகிறதாம். "எத்தனை மொட்டைக் கழற்ற வேண்டும்? இல்லாவிட்டால் நாலு இலட்சம் புரட்டி ஒரு டெஸ்க்டொப் வாங்கிவிடட்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

அவர் உண்மையில் கேட்பது, பிழை கணினியிலா அல்லது தான் அதன்மேல் ஏற்றியதிலா என்று. நல்ல கேள்வி. ஆனால் அவர் ஒரே மூச்சில் சொன்ன மூன்றும் மூன்று வேறு நோய்கள். சந்தையில் ஃபிரேம் குறைவதற்கு ஒரு காரணம், காட்டில் திக்குவதற்கு இன்னொன்று, நேரம் போகப்போக மோசமாவதற்கு வேறொன்று. மூன்றுக்கும் ஒரே மருந்து தேடுவதால்தான் பலர் பாதி மொட்டைக் கழற்றிவிட்டு, விளையாட்டின் அழகையும் இழந்து, திக்கலும் போகாமல் நிற்கிறார்கள்.

நான் கொழும்பில் பதினான்கு வருடமாகக் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்த பழைய 32-பிட் பதிப்பில் இருந்து மொட் போட்டு விளையாடுகிறேன். அந்தக் காலத்தில் இதே நிலையில் நானும் இருந்தேன். கேம் ஓடவில்லை என்றதும் எதையும் அளந்து பார்க்காமல் பம்பலப்பிட்டியில் கடைகடையாக ஏறி இறங்கி, மூன்று மாதச் சேமிப்பைக் கொடுத்து ஒரு கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கினேன். கூடக் கிடைத்தது மூன்று நாலு ஃபிரேம்தான். மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது புரொசஸர். அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனபோது இந்தச் சாமான்களின் விலை எப்படி ஏறியது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அதனால் வாங்குவதைப் பற்றிக் கதைக்கும் முன் அளந்து பாருங்கள் என்பதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

முதலில் 600 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். மொட்களை கேமோடு இணைக்கும் கோப்புகளுக்குப் பிளகின் என்று பெயர். முழு பிளகின் 254, லைட் பிளகின் 4096 என்று எஞ்சினுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அது கேம் திறக்குமா திறக்காதா என்பது பற்றியது. வேகத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. புது வாள் சேர்க்கும் மொட் நூறு போட்டாலும் அந்த வாள்கள் கண்முன் வராதவரை செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அடர்ந்த புல் போடும் ஒரே ஒரு மொட் தனியாகப் பத்துப் பதினைந்து ஃபிரேமைச் சாப்பிட்டுவிடலாம்.

அளப்பதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படாத ஒரு சோதனை இருக்கிறது. ரிஃப்டன் சந்தை நடுவில் நின்று சேவ் செய்யுங்கள். ஸ்டீமிலேயே ஃபிரேம் எண்ணைக் காட்டும் வசதி உண்டு, அதைப் போட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேமை மூடி, ரெசொலூஷனை 1080இல் இருந்து 720க்குக் குறைத்து, அதே சேவை ஏற்றி, அதே இடத்தில் அதே திசையைப் பாருங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் கிராஃபிக்ஸ் கார்ட்தான் தடை. 25 என்பது 26, 27இலேயே நின்றால் கார்ட் சும்மா இருந்துகொண்டு புரொசஸருக்காகக் காத்திருக்கிறது. படம் சிறிதானால் கார்ட்டின் வேலைதான் குறையும், புரொசஸரின் வேலை குறையாது. முழுச் சோதனையும் இவ்வளவுதான்.

கொஞ்சம் கூடுதலாகப் பார்க்க விரும்பினால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம். கார்ட்டின் உழைப்பு, கார்ட் நினைவகம், புரொசஸர் வெப்பம், வேகம் எல்லாவற்றையும் திரையின் மூலையில் காட்டும். இங்கே ஒன்றில் பலர் ஏமாறுகிறார்கள். டாஸ்க் மனேஜரில் புரொசஸர் 25 அல்லது 30 சதவீதம் என்று காட்டும். உடனே "புரொசஸர் சும்மாதானே இருக்கிறது" என்று நினைத்துவிடுவார்கள். புரொசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்கள் பல உண்டு. ஸ்கைரிமின் முக்கியமான வேலை ஒரு சில கோர்களில்தான் ஓடுகிறது. அதில் ஒன்று முழுவதுமாக நிரம்பி மற்றவை ஓய்வாக இருந்தால் சராசரி எண் சின்னதாகத்தான் தெரியும். அதைவிடக் கார்ட்டின் சதவீதத்தைப் பாருங்கள். ஃபிரேம் குறைவாக இருக்கும்போது அது 97, 98இல் நின்றால் கார்ட் தடை. 50, 60இல் நின்றால் புரொசஸர் தடை.

சந்தையில் 25 என்பதைக் கேட்டதும் எனக்கு வரும் சந்தேகம் புரொசஸர் பக்கம்தான். ஒவ்வொரு கூடையையும், தூணையும், விளக்கையும் வரையச் சொல்லி புரொசஸர் கார்ட்டுக்குத் தனித்தனியாகக் கட்டளை அனுப்ப வேண்டும். டிரோ கோல் என்பது அதைத்தான். நகரங்களை அழகுபடுத்தும் மொட்கள் ஒரு சின்னச் சந்தைக்குள் நூற்றுக்கணக்கான பொருட்களைக் கொண்டுவந்து வைக்கின்றன. கூடவே நகரத்துக்கு மனிதர்களைச் சேர்க்கும் மொட் ஒன்று இருந்தால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் நடை, புத்தி, உடை. தலைமுடியும் துணியும் அசைய எஸ்எம்பி என்ற பௌதிக மொட் இருந்தால், சந்தையில் இருபது பேரின் கூந்தல் ஆடுவதை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதே புரொசஸர் கணக்கிட வேண்டும்.

இதில் நிழல் இரட்டைச் செலவு வைக்கும். நிழல் விழுத்தும் ஒவ்வொரு பொருளும் நிழலுக்காக இன்னொரு முறை வரையப்படுகிறது. ஆகவே நான் முதலில் கைவைக்கும் இடம் நிழல் தூரம். கேமின் அமைப்புகளை மாற்றும் பெத்இனி என்ற சிறு கருவியில் அதைப் பாதியாக்கி, நிழல் படத்தின் அளவு 4096 என்று இருந்தால் 2048 ஆக்குங்கள். தூரத்து நிழல் கொஞ்சம் சீக்கிரம் மறையும், அவ்வளவுதான். இரண்டாவதாக, எஸ்எம்பி எத்தனை பேரில் ஓடலாம் என்று வரம்பு வைக்க அதன் அமைப்பிலேயே இடம் இருக்கிறது. அதைக் குறையுங்கள். மூன்றாவதாகத்தான் நகர மொட். அதை எடுக்கச் சொல்ல எனக்கும் மனம் வராது. ரிஃப்டன் மரப்பாலத்தில் விளக்குகள் எரிய, கீழே கால்வாய் மின்ன நடப்பதற்காகத்தானே இவ்வளவு பாடும். ஒரு நகரத்தில் இரண்டு மூன்று மொட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் மட்டும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுங்கள்.

புரொசஸர் பக்கம் என்றால் இன்னும் ஒன்று பாருங்கள். 16 ஜிபி ரேம் என்பது ஒரே துண்டா, எட்டு எட்டாக இரண்டு துண்டா? டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லொட் பயன்பாட்டில் உள்ளது என்று போட்டிருக்கும். இங்கே திருத்த வரும் மடிக்கணினிகளில் ஒரு துண்டோடு மட்டும் விற்கப்பட்டவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு துண்டு இருந்தால் நினைவகத்துக்குப் போகும் பாதை இரட்டிப்பாகும். இந்த மாதிரிக் கேமில் அதன் பலன் கண்ணுக்குத் தெரியும். நாலு இலட்சத்துக்கு முன்னால் இது மிகச் சின்னச் செலவு.

இனிக் காடு. ஓடும்போது இடையிடையே திக்குவது, அதாவது சராசரி ஃபிரேம் நன்றாக இருந்தும் நடுநடுவே ஒரு இழுப்பு இழுப்பது, பெரும்பாலும் கார்ட்டின் சொந்த நினைவகம் நிரம்பி வழிவதால். அதை வீ-ரேம் என்பார்கள். மடிக்கணினி 3060இல் அது 6 ஜிபி. விண்டோஸும் பிரவுசரும் டிஸ்கோர்ட்டும் அதில் ஒரு பங்கை எடுத்துவிடும். நிரம்பியதும் கேம் சாதாரண ரேமில் இருந்து படங்களை இழுத்து இழுத்து எடுக்கும், அந்த ஒவ்வொரு இழுப்பும்தான் திக்கல்.

இங்கே கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். டெக்ஸ்சர் என்பது பொருளின் மேற்பரப்பில் ஒட்டும் படம். 4கே டெக்ஸ்சர் என்றால் 4096க்கு 4096 புள்ளி, அதாவது ஒரு கோடியே 67 இலட்சம் புள்ளிகள். பிசி7 என்ற முறையில் சுருக்கினால் புள்ளிக்கு ஒரு பைட், ஆக 16 எம்பி. தூரத்தில் காட்டுவதற்கான சிறிய பிரதிகளையும் சேர்த்தால் 21 எம்பி. ஒரு பொருளுக்கு நிறப் படம் ஒன்று, மேடுபள்ளம் காட்டும் படம் ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும், ஆகவே 40 எம்பிக்கு மேல். இதையே 2கே ஆக்கினால் நாலில் ஒரு பங்கு, 1கே ஆக்கினால் பதினாறில் ஒரு பங்கு. உங்கள் 1080 திரையிலோ மொத்தமே 20 இலட்சம் சொச்சம் புள்ளிகள்தான். மேசையில் கிடக்கும் ஒரு கூடைக்கு 4கே போட்டிருந்தால், முழுத் திரையிலும் உள்ள புள்ளிகளைப் போல் எட்டு மடங்கை அந்த ஒரு கூடைக்காகச் சுமக்கிறீர்கள். அந்த அழகு உங்கள் கண்ணுக்கு வந்து சேரவே முடியாது.

அதனால் மலை, தரை, சுவர், மரப்பட்டை போன்றவற்றுக்கு 2கே, கோப்பை, கூடை, புத்தகம், மரக்கறிக்கு 1கே. 1080 திரையில் வித்தியாசம் தெரியாது என்று நான் நிச்சயமாகச் சொல்வேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான டெக்ஸ்சர் மொட்களுக்கு 2கே, 1கே பதிப்புகள் உண்டு. இறக்கும் டேட்டாவும் மிச்சமாகும். இல்லாதவற்றைச் சுருக்க கத்தீட்ரல் அசெட்ஸ் ஒப்டிமைசர் என்ற கருவி இருக்கிறது. ஆனால் தயவுசெய்து அதை முழு மொட் பட்டியலிலும் ஒரேயடியாக ஓட்டாதீர்கள். முகங்களுக்கான கோப்புகளில் கைவைத்துவிட்டால் ஆட்களின் முகம் கறுத்தோ கழுத்தில் வெட்டுத் தெரிந்தோ போகும். ஒரு மொட், ஒரு கொப்பி, ஒரு சோதனை என்று போங்கள்.

காட்டில் இன்னொரு பெரிய செலவு புல்லும் தூரத்துக் காட்சியும். புல்தானா என்று அறிய ஓர் இலகுவான வழி உண்டு. கேமுக்குள் கட்டளை அடிக்கும் பெட்டியான கொன்சோலைத் திறந்து டி, ஜி என்ற இரண்டு எழுத்தையும் அடித்தால் புல் முழுவதும் மறையும், மறுபடி அடித்தால் வரும். டி, டி என்று இரண்டு முறை அடித்தால் மரங்கள். ஷிஃப்ட்டையும் எஃப்12ஐயும் சேர்த்து அழுத்தினால் ஈஎன்பி அணையும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைத்து ஃபிரேம் எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பத்து நிமிட வேலை. யாருடைய ஆலோசனையையும்விட, நான் இங்கே எழுதுவதையும்விட, அந்தத் தாள்தான் உங்கள் கணினியைப் பற்றிய உண்மை. புல் தின்கிறது என்றால் கேமின் அமைப்புக் கோப்பில் உள்ள ஐமின்கிராஸ்சைஸ் என்ற எண்ணைக் கூட்டுங்கள். அந்த எண் கூடினால்தான் புல் குறையும், பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். ஈஎன்பி என்றால் முழுவதையும் தூக்க வேண்டியதில்லை. தூரத்தை மங்கலாக்குவதையும் மூலைமுடுக்கு நிழலையும் அணைத்தாலே கணிசமாகத் திரும்பக் கிடைக்கும். தூரத்துக் காட்சியை உருவாக்கும் டின்டோலொட் என்ற கருவியில் மரங்களை முழு 3டியில் ஆக்கியிருந்தால் நடுத்தர நிலைக்கு இறக்கி மறுபடி உருவாக்குங்கள். உங்களைச் சுற்றி எவ்வளவு நிலப்பரப்பை முழுதாக ஏற்றுவது என்று சொல்லும் யூகிரிட்ஸ் எண்ணை மட்டும் 5இல் இருந்து எந்தக் காரணத்துக்கும் மாற்றாதீர்கள். மாற்றி சேவ் செய்தால் அந்த சேவை மீட்பதே பெரும்பாடு.

மொட்களும் கேமும் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். வெளியே கொழுவும் ஹார்ட் டிஸ்கில், மொட்களை நிர்வகிக்கும் மொட் ஓர்கனைசர் 2ஐ வைத்து ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே வேறு எதைத் திருத்தியும் பயனில்லை, எஸ்எஸ்டிக்கு மாற்றத்தான் வேண்டும். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலையும் மூடிவைக்காதீர்கள். மொட் நிறைந்த ஸ்கைரிம் கேட்கும் நினைவகத்துக்கு 16 ஜிபி தனியாகப் போதாமல், திக்கல்கூட இல்லாமல் கேம் திடீரென்று தானே மூடிவிடும்.

இனி மூன்றாவது, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு மோசமாவது. "ஸ்கிரிப்ட் கூடிவிட்டது, சேவ் வீங்கிவிட்டது" என்றுதான் முதலில் எல்லோரும் சொல்வார்கள். ஸ்கிரிப்ட் என்பது கேமுக்குள் நடப்பவற்றை இயக்கும் சிறு நிரல். இதை நான் மறுக்கிறேன். ஸ்கைரிமின் ஸ்கிரிப்ட் எஞ்சினுக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் 1.2 மில்லிசெக்கன் என்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வேலை மிஞ்சினால் அது அடுத்த ஃபிரேமுக்குத் தள்ளிப்போகும். ஆகவே ஸ்கிரிப்ட் அதிகமானால் கதவு தாமதமாகத் திறக்கும், குவெஸ்ட் நகராமல் நிற்கும், மந்திரம் பிந்தி வேலை செய்யும். ஃபிரேம் பாதியாகாது. அந்த எண்ணைக் கூட்டச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்டுக் கூட்டினால்தான் ஃபிரேமுக்குக் கேடு.

மணித்தியாலக் கணக்கில் மோசமாவதற்கு என் கணிப்பில் இரண்டு பேர்தான் காரணம். ஒன்று மெல்ல மெல்ல நிரம்பும் வீ-ரேம், இன்னொன்று வெப்பம். இரண்டையும் பிரித்தறிய, மோசமான அந்த நிமிடத்தில் சேவ் செய்து கேமை மூடி உடனேயே திறந்து அதே இடத்துக்கு வாருங்கள். நன்றாக ஓடினால் நினைவகம். உடனே திறந்தும் மோசமாகவே இருந்து, இருபது நிமிடம் ஆறவிட்டுத் திறந்தால் நன்றாக ஓடினால் வெப்பம்.

கொழும்பில் வெப்பத்தைக் குறைத்து மதிக்காதீர்கள். அறையே 31, 32 பாகை இருக்கும்போது மடிக்கணினிக்குள் போகும் காற்றும் அதே சூடுதான். புரொசஸர் நூறு பாகையை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்ற வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெள்ளவத்தை, தெகிவளை போன்று கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவில் உள்ள வீடுகளில் இருந்து வரும் இயந்திரங்களைத் திறந்தால், காற்று வெளியேறும் தகடுகளில் உப்பு ஈரமும் தூசியும் சேர்ந்து துணி மாதிரி ஒரு படை ஒட்டியிருக்கும். வாயால் ஊதினால் அது வராது, கழற்றித்தான் துடைக்க வேண்டும். உங்கள் பக்கத்து வீடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்றே சொல்வேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் வெப்பப் பசையையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். கட்டிலில் வைத்து விளையாட வேண்டாம். பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தினாலே ஒரு சில பாகை இறங்கும். பவர் வயரைக் கழற்றிவிட்டு பட்டரியில் விளையாடி ஃபிரேம் இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஃபிரேமுக்கு ஒரு வரம்பு வைப்பதையும் மறக்காதீர்கள். இந்த எஞ்சினின் பௌதிகம் 60 ஃபிரேமை வைத்துக் கட்டப்பட்டது. அதைத் தாண்டினால் ஆரம்பக் காட்சியின் வண்டியே குதித்துப் புரளும். டிஸ்ப்ளே ட்வீக்ஸ் என்ற மொட் அதைச் சரிசெய்யும், வரம்பு வைக்கவும் இடம் தரும். உங்கள் இயந்திரத்தில் நான் 45இல் வைப்பேன். 60க்கும் 35க்கும் இடையில் ஏறி இறங்குவதைவிட நிலையாக நிற்கும் 45 கண்ணுக்கு மென்மை, வெப்பமும் குறைவு.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்பவை ஆளுக்கு ஆள், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுபவை. புரொசஸரின் உச்ச வேகத்தை 99 சதவீதமாக்கி, தானாக வேகத்தைக் கூட்டும் டர்போவை அணைப்பது சூட்டை நன்றாகக் குறைக்கும். சிலருக்கு அதனால் ஓட்டம் சீராகிறது, வேறு சிலருக்குச் சந்தையில் இருந்த 25உம் 20 ஆகிறது. போட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஃபிரேமை இடையில் தானே உருவாக்கிச் சேர்க்கும் நுட்பங்கள் கண்ணுக்கு மென்மையாகத் தெரியும், ஆனால் கைக்குத் தாமதம் தெரியும். 25இல் இருந்து 50 ஆக்கினால் எனக்குப் பிடிக்கவில்லை, 45இல் இருந்து 90 ஆக்கியபோது பரவாயில்லை. டிஎல்எஸ்எஸ் போன்று படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் வழிகள் கார்ட் தடையாக இருந்தால் மட்டுமே உதவும். டிரைவரைப் புதுப்பிப்பதால் ஒருவருக்கு நன்மை, இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. "கேம் பூஸ்டர்" என்று வரும் செயலிகளை நான் யாருக்கும் போட்டுக்கொடுப்பதில்லை.

எதைச் செய்தும் பிடிபடாத ஒரு மொட் உள்ளே இருக்கிறது என்று தோன்றினால் பாதிப்பாதியாகத் தேடுங்கள். மொட் ஓர்கனைசரில் புரொஃபைலைக் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியில் பாதி மொட்டை அணைத்து, புது கேம் ஒன்றில் பாருங்கள். பிரச்சினை எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். 600 என்றாலும் பத்துத் தடவைக்குள் முடிந்துவிடும். ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் மொட்களைச் சேர்த்தே வைக்க வேண்டும், அதனால் ஒன்றிரண்டு தடவை கூடலாம். உங்கள் உண்மையான சேவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சேவில் இருந்து ஸ்கிரிப்ட் உள்ள மொட்டைக் கழற்றினால் அதன் மிச்சங்கள் உள்ளேயே தங்கிவிடும். டெக்ஸ்சர், நிழல், புல், ஈஎன்பி ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அவை சேவைத் தொடுவதில்லை. அதனால்தான் அவற்றில் இருந்து தொடங்கச் சொன்னேன்.

டெஸ்க்டொப் வாங்கலாமா என்பதற்கு, உங்கள் இயந்திரத்தை நேரில் பார்க்காமல் நான் ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னால் அது பொறுப்பற்ற பதில். 3060 இந்தக் கேமுக்குப் பழசாகிப் போன கார்ட் இல்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லலாம். ரிஃப்டன் சந்தையில் 1080இலும் 720இலும் வந்த இரண்டு ஃபிரேம் எண்கள், அந்த நேரத்தில் கார்ட்டின் சதவீதம், வீ-ரேம் எவ்வளவு, விளையாடத் தொடங்கிப் பத்தாவது நிமிடத்திலும் அறுபதாவது நிமிடத்திலும் புரொசஸரின் வெப்பம், ரேம் எத்தனை துண்டு. இவ்வளவையும் எழுதிவிடுங்கள். 720இல் ஃபிரேம் ஏறாமல், வெப்பமும் சரியாக இருந்து, ரேமும் இரண்டு துண்டாக இருந்தால்தான் டெஸ்க்டொப் பற்றிக் கதைக்கலாம். அப்படி வாங்கும்போதும் கார்ட்டைவிட ஒற்றைக் கோர் வேகமான புரொசஸருக்கு முதல் பணத்தை ஒதுக்குங்கள்.